சாரல் அடிக்கும் மேற்குச் சுவருக்கு ஃபைபர் சிமெண்ட் பலகை: தோட்டத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஜூன் பிறந்தால் பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து மேற்கிலிருந்து அடிக்கும். தோட்டத்து வீட்டின் மற்ற மூன்று சுவர்களும் காய்ந்து கிடக்கும்; மேற்குச் சுவர் மட்டும் செப்டம்பர் வரை ஈரம் விடாது. வெளிப்பூச்சு உப்பும், உள்ளே பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிரும். முன்பெல்லாம் இதற்குத் தென்னந்தடுக்கில் சாரல் தட்டி கட்டினார்கள். வருஷா வருஷம் மாற்ற வேண்டும், தேள் அடையும், தீப்பொறிக்குப் பயப்பட வேண்டும். ஆனால் அந்தத் தட்டியில் ஒரு சூட்சுமம் இருந்தது: அது சுவரை ஒட்டாமல் நின்றது. மழை தட்டியின் முகத்தில் வடிந்தது, மீறி உள்ளே வந்த ஈரத்தைப் பின்னால் ஓடிய காற்று உலர்த்தியது.

ஃபைபர் சிமெண்ட் பலகை செய்வதும் அதே வேலைதான். பலகை அடித்தும் ஓதம் போகவில்லை என்று குறைப்படும் வீடுகளில் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பலகையைச் சுவரோடு ஒட்ட அடித்திருப்பார்கள், அல்லது அடியில் சிமெண்ட் பூசி அடைத்திருப்பார்கள். எவ்வளவு கவனமாக அடித்தாலும் கொஞ்சம் தண்ணீர் பின்னால் போகும். அதற்கு வெளியே வர வழி இருக்கிறதா என்பதுதான் இந்த வேலை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கேள்வி.

முதலில் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும், மேற்கில் மட்டும், சுவரின் நடுவிலும் மேலேயும் திட்டுத்திட்டாக ஈரம் தெரிந்தால் அது சாரல், பலகை தீர்க்கும். எல்லாச் சுவரிலும் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு வரி பிடித்தாற்போல உப்புப் பூத்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஓதம். அதைப் பலகை மறைக்கும், தீர்க்காது. ஓட்டுக் கூரையின் வாரியில் ஒழுக்கு இருந்தால் அதையும் முதலில் சரி செய்யுங்கள்.

பலகை வாங்கும்போது

கடையில் "சிமெண்ட் போர்டு" என்று கேட்டால் மூன்று நான்கு பொருளை அதே பெயரில் காட்டுவார்கள். சீலிங்குக்கான கால்சியம் சிலிகேட் போர்டு வெளிச்சுவருக்கு ஆகாது. மரத்தூள் கலந்த சிமெண்ட் பார்ட்டிகிள் போர்டு நனைந்து நனைந்து ஓரம் ஊதும். நமக்கு வேண்டியது செல்லுலோஸ் நார் சேர்த்து, நீராவி அழுத்தத்தில் பதப்படுத்திய ஃபைபர் சிமெண்ட். இதற்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 14862. அதில் வெயிலும் மழையும் படும் இடத்துக்கு உரியது ஏ வகை, பி வகை உள்வேலைக்கு. "அஸ்பெஸ்டாஸ் இல்லாதது" என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். நெளி சிமெண்ட் ஷீட்டுகள் பலவற்றில் இன்றும் அஸ்பெஸ்டாஸ் உண்டு. பழைய ஷீட்டை அறுத்துச் சுவருக்கு அடிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம்.

அடுக்கி அடிப்பதற்குத் தோதானது 8 மிமீ தடிமன், 200 மிமீ அகலம், 3 மீட்டர் நீளம். ஒரு பலகை ஆறரைக் கிலோ வரும். இரண்டு பேர் தூக்க வேண்டும், அதுவும் குத்தாக. தட்டையாகப் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொங்கி மயிரிழை விரிசல் விழும். அன்றைக்குத் தெரியாது, பெயிண்ட் அடித்த பிறகு தெரியும்.

இறக்கியதும் சமதளத்தில், அடியில் நான்கு சட்டம் கொடுத்துப் படுக்கையாக அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வில்லாக வளைந்துவிடும். நனைந்த பலகையை அடிக்கவே கூடாது. ஈரத்தில் நீண்டிருக்கும் பலகை காய்ந்ததும் சுருங்கும், இணைப்பெல்லாம் பல் இளிக்கும். இந்த வேலைக்குப் பிப்ரவரி முதல் மே வரை நல்ல காலம்.

கணக்கு

ஒரு சுவரை வைத்தே முழுக் கணக்கையும் பார்த்துவிடலாம். நீளம் 7.5 மீட்டர், தரையிலிருந்து தாழ்வாரத்தின் அடி வரை 3.07 மீட்டர், நடுவில் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் ஜன்னல். கீழே 150 மிமீ, மேலே 20 மிமீ விட்டால் பலகை ஏறும் உயரம் 2,900 மிமீ.

முதல் வரிசை தன் முழு அகலமான 200 மிமீயை எடுத்துக்கொள்ளும். மீதி 2,700. அடுத்தடுத்த வரிசைகள் ஒவ்வொன்றும் கீழே உள்ளதன்மேல் குறைந்தது 30 மிமீ ஏற வேண்டும், ஆகவே வெளியே தெரிவது அதிகபட்சம் 170. 2,700ஐ 170ஆல் வகுத்தால் 15.9, முழு எண்ணாக 16. இப்போது திருப்பி வகுத்தால் 168.75, அதாவது 169 மிமீ. மொத்தம் 17 வரிசை, மேலேற்றம் 31 மிமீ. இப்படிப் பிரித்துக்கொண்டால் உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டு பலகை ஒட்ட வேண்டி வராது. 4 மிமீ பிசகு மேல் இடைவெளியில் அடங்கிவிடும்.

ஒரு வரிசைக்கு இரண்டரைப் பலகை, 17 வரிசைக்கு 43. ஜன்னலுக்கு இரண்டைக் கழித்து, சேதாரத்துக்கு நூற்றுக்குப் பத்து கூட்டி, முதல் வரிசைக்குப் பின்னால் அடிக்கும் அடிப்பட்டைக்கு ஒன்று சேர்த்தால் 46. எதற்கும் 48 வாங்குங்கள். மிஞ்சுவது வீண் போகாது.

மற்றவை: 25 × 25 மிமீ ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் 6 மீட்டர் நீளத்தில் 6, அதே நீளத்தில் 50 × 25 மிமீ பைப் 3, சுவரில் பைப்பைப் பிடிக்க 100 மிமீ ஸ்க்ரூவும் நைலான் பிளக்கும் 100 செட், பலகைக்கு ரெக்கை வைத்த செல்ஃப் டிரில்லிங் (தானே துளைத்து ஏறும்) ஸ்க்ரூ 400, இணைப்புக்குப் பின்னால் வைக்க 150 × 190 மிமீ அலுமினியத் தகட்டுத் துண்டு 34, பெயிண்ட் ஏறக்கூடிய பி.யூ. (பாலியூரித்தேன்) சீலண்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பசை, 300 மில்லியில் 2, கீழும் மேலும் அடைக்க 6 மிமீக்கு மிகாத கண் உள்ள ஜி.ஐ. வலை 15 மீட்டர்.

ஸ்க்ரூவில் அந்த ரெக்கை முக்கியம். அது பலகையில் சற்றே பெரிய ஓட்டை போட்டு, இரும்பைத் தொட்டதும் ஒடிந்து விழும். ரெக்கை இல்லாத ஸ்க்ரூவின் மரை பலகையில் பிடித்துக்கொண்டு, பலகையைப் பைப்போடு சேர விடாமல் தூக்கும்.

சட்டகம்

வேலையின் உயிர் இங்கேதான். பைப்புகளைச் செங்குத்தாகத்தான் நிறுத்த வேண்டும். குறுக்கே அடித்தால் வடிந்து வரும் தண்ணீர் ஒவ்வொரு பைப்பின்மேலும் தங்கும்.

இடைவெளியைப் பலகையின் நீளம் தீர்மானிக்கிறது. பலகையின் இரண்டு நுனியும் பைப்பின்மேல் வந்து முடிய வேண்டும். அந்தரத்தில் முடிந்தால் அந்த இணைப்பு முதல் ஆடிக் காற்றிலேயே திறந்துகொள்ளும். 3 மீட்டர் பலகைக்கு 500 மிமீ சரியாக வரும். பழக்கத்தில் 400 வைத்துவிட்டால் 3,000 அதில் சரியாக வகுபடாது, ஒவ்வொரு பலகையிலும் 200 மிமீ வெட்டி எறிய வேண்டியிருக்கும். கிடைத்தது 8 அடிப் பலகை என்றால், அதாவது 2,440 மிமீ, இடைவெளி 406 அல்லது 610.

7.5 மீட்டருக்கு 500 மிமீ வீதம் 16 பைப். எல்லாம் ஒரே அகலம் இருக்கக் கூடாது. ஒற்றைப்படை வரிசைகளில் முழுப் பலகையில் தொடங்குவோம்: இணைப்பு 3 மீட்டரிலும் 6 மீட்டரிலும் வரும். இரட்டைப்படை வரிசைகளில் அரைப் பலகையில் தொடங்குவோம்: இணைப்பு 1.5, 4.5 மீட்டரில். ஆக இணைப்பு விழும் பைப்புகள் நான்கே நான்கு. அவற்றுக்கும் இரு கோடிக்கும் 50 மிமீ முகம் உள்ள பைப் வேண்டும். 25 மிமீ பைப்பில் இரண்டு நுனிகள் சேர்ந்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை மிமீதான் கிடைக்கும். அவ்வளவு ஓரத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் மூலை பிய்ந்து வரும். மீதி 10 பைப்பும் 25 × 25 போதும். எல்லாமே 25 மிமீ ஆழம் என்பதால் பின்னால் ஒரே சீராகக் காற்று ஓடும்.

செங்கல் சுவரில் 600 மிமீக்கு ஒரு ஸ்க்ரூ. 100 மிமீ ஏன் என்றால், பைப் 25, பூச்சு 15, செங்கல்லுக்குள் குறைந்தது 50. ஹாலோ பிளாக் சுவரில் பிளக்கின் பிடி பொள்ளலில் போய்விடும், ஆகவே லிண்டல், பெல்ட் கான்கிரீட், அடித்தளக் கான்கிரீட் ஆகியவற்றில் கட்டாயம் ஒவ்வொரு பிடி விழும்படி பார்த்துக்கொண்டு, நடுவில் ஹாலோ பிளாக்குக்கென்றே வரும் நீளமான பிளக்கைப் போடுங்கள். மண் சுவரில் எந்தப் பிளக்கும் நிற்காது. அங்கே சட்டகத்தின் பாரம் கல்கட்டின்மேல் இறங்க வேண்டும், மேலே கூரைச் சட்டத்தோடு பிடிக்க வேண்டும், நடுவில் சுவரைத் துளைத்து உள்பக்கம் தகடு வைத்து போல்ட் போட வேண்டும்.

கிராமத்துச் சுவர் எதுவும் தூக்குக் குண்டுக்கு நேராக இருக்காது. இரு கோடிப் பைப்பையும் முதலில் தூக்குப் பார்த்து நிறுத்தி, மேல், நடு, கீழ் என மூன்று நூல் இழுங்கள். மற்றப் பைப்புகள் நூலைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். பள்ளம் உள்ள இடத்தில் பின்னால் பலகைத் துண்டையே வைத்து நிரப்புங்கள். அட்டை, மரச்சில்லு வேண்டாம், நனைந்து அமுங்கிவிடும். வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், தேய்த்து ஜிங்க் பிரைமர் பூசாமல் விடாதீர்கள். தோட்டத்திலேயே மரம் இருக்கிறதே என்று தென்னஞ்சட்டம் அடிக்கத் தோன்றும். நான்கு பக்கமும் மூடிய இருட்டில் கரையானுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.

பின்னால் பிளாஸ்டிக் விரிப்பது வேண்டாம். மிச்சமான மல்ச்சிங் ஷீட்டைச் சுவரில் ஒட்ட வைப்பவர்கள் உண்டு. சமையலறை ஆவியும் சுவரின் ஈரமும் அதற்குள் வியர்த்து, சாரல் இல்லாத மாதத்திலும் சுவர் நனைந்திருக்கும். பூச்சு இல்லாத ஹாலோ பிளாக் என்றால் சிமெண்ட் பூச்சு ஒரு கை கொடுத்தால் போதும்.

பைப் ஏற்றுவதற்கு முன் சுவரில் ஓடும் மின்கம்பி எங்கே என்று பார்த்து மெயினை அணையுங்கள். பழைய வயரைப் பலகைக்குப் பின்னால் விட்டுவிடக் கூடாது, எலிக்கு அது விளையாட்டுச் சாமான். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியும் எர்த் கம்பியும் மூடப்படாமல் வெளியே நிற்கட்டும்.

அறுப்பது

4 அங்குல கிரைண்டரில் வைர பிளேடு போட்டு அறுப்பதுதான் ஊர் வழக்கம். வேகமாக அறுக்கும், ஆளை மறைக்கிற அளவுக்குத் தூளும் கிளம்பும். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் அது வெளியே வராது, சிலிகோசிஸ் நோய்க்கு மருந்தும் இல்லை. துண்டை மூக்கில் கட்டினால் நுண்தூள் நிற்காது. என்95 முகமூடி போட்டு, வீட்டை விட்டுத் தள்ளி, காற்று முதுகில் படும்படி நின்று அறுங்கள். பக்கத்தில் குழந்தைகளும் மாட்டுத் தொட்டியும் இருக்கக் கூடாது. தூளைப் பெருக்காமல் தண்ணீர் தெளித்து அள்ளுங்கள்.

நேர் வெட்டுக்குக் கிரைண்டரே தேவையில்லை. கார்பைடு முனைக் கீறியால் நேர்சட்டம் வைத்து முகப்பக்கம் நாலைந்து தடவை ஆழமாகக் கீறி, சட்டத்தின் விளிம்பில் வைத்து அழுத்தினால் 8 மிமீ பலகை சுத்தமாக ஒடியும். தூள் மிகக் குறைவு. ஜன்னல் மூலைக்கான எல் வெட்டுக்கு மட்டும் கிரைண்டரை எடுங்கள். வெட்டிய ஓரம் ஒவ்வொன்றுக்கும் அங்கேயே பிரைமர் பூசிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகு அந்த ஓரத்துக்குப் பிரஷ் போகாது.

முதல் வரிசை

டியூப் லெவலில் தண்ணீர் நிரப்பி, இரு கோடியிலும் தரையிலிருந்து 150 மிமீ உயரத்தைக் குறித்து நூல் அடியுங்கள். நிலம் சரிந்திருந்தால் மேடான பக்கத்தில் 150 இருக்க வேண்டும். அடியில் கான்கிரீட் தளம் இருந்தால் 50 மிமீ போதும். மண் தரையில் விழும் மழை அரை அடிக்குச் சேற்றைத் தெறிக்க வைக்கும். எப்போதும் நனைந்திருக்கும் அடி ஓரம் தண்ணீரை மேலே உறிஞ்சும், பெயிண்ட் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும்.

நூலுக்கு மேலே முதலில் வலை. எலி மட்டும் கணக்கில்லை. குளவி, பல்லி, பல்லியைத் தேடிப் பாம்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். வலையை மடித்துப் பைப்பின் அடியிலிருந்து சுவர் வரை மூடுங்கள். அதன்மேல் ஒரு பலகையை 30 மிமீ பட்டைகளாக அறுத்து அடிப்பட்டையாகப் பைப்பின் முகத்தில் அடியுங்கள். மேல் வரிசைகள் எல்லாம் கீழ்ப் பலகையின்மேல் சாய்ந்து நிற்கும். முதல் வரிசைக்குச் சாய இடம் கொடுப்பது இந்தப் பட்டை. இதை விட்டுவிட்டால் முதல் பலகை மட்டும் தட்டையாக நின்று, தெருவிலிருந்து பார்க்கும்போதே கோணல் தெரியும்.

இரு கோடியிலும் 50 மிமீ பைப்பின் முகத்தில் எல் வடிவத் தகடு ஒன்றை, ஒரு மடிப்பு 25 மிமீ முன்னால் நீட்டி நிற்கும்படி பிடியுங்கள். பலகைகளின் நுனி அந்த மடிப்பைத் தொடாமல் 3 மிமீ தள்ளி நிற்க வேண்டும். அந்த 3 மிமீயில் பிற்பாடு சீலண்ட் வரும்.

மேலே மேலே

ஒரு நேர்சட்டத்தில் 169 மிமீக்கு ஒரு கோடு போட்டு அளவுகோல் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் டேப் பிடித்தால் ஒரு மிமீ, அரை மிமீ என்று சேர்ந்து பத்தாவது வரிசையில் விரல் அகலத்துக்குச் சரிந்திருக்கும். நான்கு வரிசைக்கு ஒரு தடவை லெவலும் பாருங்கள்.

ஸ்க்ரூ பலகையின் மேல் ஓரத்திலிருந்து 20 மிமீ கீழே. அடுத்த வரிசை 31 மிமீ ஏறி அதை மூடிவிடும், தலை வெயிலும் மழையும் பார்க்காது. நுனியில் ஓரத்திலிருந்து 15 முதல் 20 மிமீ தள்ளி, சிறு ஓட்டை போட்டுவிட்டு ஏற்றுங்கள். தலை பலகையின் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். டிரில்லைப் பிடித்த வேகத்தில் உள்ளே புதைத்துவிட்டால் மேல்தோல் நொறுங்கி, பிடி பாதியாகிவிடும். பக்கத்தில் இன்னொன்று போட்டுத்தான் சரி செய்ய முடியும். இரண்டு வரிசையைச் சேர்த்து ஒரே ஸ்க்ரூவில் பிடிக்கும் சிக்கனமும் கூடாது. கட்டடம் தாங்க வேண்டிய காற்றுவேகக் கணக்கு கோயம்புத்தூருக்கு விநாடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50. கடலோரப் பகுதிகளில் இதே வேலையைச் செய்தால் மறைவு ஸ்க்ரூவை மட்டும் நம்பாமல், கீழ் ஓரத்திலும் முகத்தில் தெரியும்படி ஒவ்வொரு பைப்புக்கும் ஒன்று போட வேண்டும்.

இணைப்பு வரும் இடத்தில், இரண்டாவது பலகையை ஏற்றுவதற்கு முன் அலுமினியத் துண்டைப் பின்னால் வையுங்கள். அதன் கீழ் விளிம்பு கீழ் வரிசைப் பலகையின் முகத்துக்கு வெளிப்புறம் வந்து விழ வேண்டும், பின்புறம் அல்ல. வெளிப்புறம் விழுந்தால் இணைப்பில் புகும் நீர் அடுத்த பலகையின்மேல் வடிந்து வெளியே போகும். பின்புறம் விழுந்தால் தகடு அந்த நீரைச் சுவர்ப்பக்கம் கொண்டுபோய் விடும். 34 இடத்திலும் இதை ஒருவரே நின்று பார்க்கட்டும். இரண்டு நுனிகளும் மெல்லத் தொட்டால் போதும், நெருக்கித் தள்ள வேண்டாம். சில கம்பெனிகள் 2, 3 மிமீ விட்டு சீலண்ட் போடச் சொல்வார்கள். வாங்கிய பலகையோடு வரும் தாளில் உள்ளபடி செய்யுங்கள்.

ஜன்னலைச் சுற்றி மிச்சப் பைப்பில் சட்டம் கட்டி, பக்கவாட்டில் 3 மிமீ விட்டு சீலண்ட் இடுங்கள். மேலே சன் ஷேட் இருந்தால் பலகையின் அடி அதிலிருந்து 50 மிமீ உயர்ந்து நிற்க வேண்டும். சன் ஷேட் இல்லாவிட்டால் தகட்டை இசட் மாதிரி மடித்து ஜன்னல் தலைக்குமேல் வைத்து, அதற்கும் பலகைக்கும் நடுவே 6 மிமீ விடுங்கள். அந்த 6 மிமீயைக் கண்டதும் சீலண்ட் பிடித்திருப்பவரின் கை துறுதுறுக்கும். அடைத்தால் உள்ளே வந்த தண்ணீர் ஜன்னல் சட்டத்துக்குள்தான் இறங்கும். அடியும் அப்படியே, உச்சியும் அப்படியே: வலை மட்டும், சீலண்ட் கிடையாது.

பெயிண்ட்

சிமெண்டின் காரம் ஆயில் பெயிண்டைச் சோப்பாக்கி உரித்துவிடும், எனாமல் வேண்டாம். காரத்தைத் தாங்கும் பிரைமர் ஒரு கை, அக்ரிலிக் எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கை. பலகையின் அடி விளிம்பைக் கீழிருந்து கண்ணாடி வைத்துப் பார்த்தாவது விடாமல் பூசுங்கள். சீலண்டில் சிலிக்கான் வாங்கியிருந்தால் அதன்மேல் பெயிண்ட் நிற்காது, கோடு கோடாகத் தெரியும்.

மாடும் மருந்தடிக்கும் டேங்கும்

தோட்டத்து வீட்டில் சுவர் சும்மா நிற்பதில்லை. 8 மிமீ பலகை மழையைத் தாங்கும், மாட்டின் கொம்பைத் தாங்காது. கட்டுத்தறி ஓரமாக இருந்தால் அந்தப் பகுதியில் நாலடி உயரத்துக்குச் செங்கல்லை அப்படியே விட்டு அதற்குமேல் பலகையைத் தொடங்குங்கள், அல்லது ஓரடி தள்ளி பைப்பில் தடுப்புக் கட்டுங்கள். ஸ்பிரேயர், மண்வெட்டி, கயிறு மாட்ட ஆணி அடிப்பது பலகையில் கூடாது. பைப் இருக்கும் இடத்தில் பலகையைத் துளைத்து, பைப்பில் பிடிக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று போட்டு அதில் மாட்டுங்கள். ஸ்பிரிங்க்ளர் தலை சுவரை நோக்கிச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். போர்வெல் உப்புத் தண்ணீர் தினமும் பட்டால் எந்தப் பெயிண்டும் வெள்ளை பூத்துவிடும்.

ஒரு பலகை உடைந்தால்

ஸ்க்ரூ மேல் வரிசைக்குள் மறைந்திருப்பதால் கழற்ற முடியாது என்று மேலே உள்ளதெல்லாம் பிரிக்கத் தேவையில்லை. உடைந்ததைக் கீறித் துண்டாக எடுங்கள். மேல் பலகையை ஒரு ஆப்பால் சற்றே தூக்கி, ஹாக்ஸா பிளேடை மட்டும் உள்ளே விட்டு எஞ்சிய ஸ்க்ரூக்களை அறுங்கள். புதுப் பலகைக்கு நான்கு ஓரமும் பிரைமர் பூசி, கீழிருந்து மேலாகச் செருகி, இந்த ஒன்றுக்கு மட்டும் கீழ் ஓரத்தில் முகத்திலேயே ஸ்க்ரூ போட்டுத் தலையில் பெயிண்ட் தொடுங்கள்.

மே மாதக் கடைசியில் அடி வலையில் அடைந்த சருகையும் குளவிக் கூட்டையும் தட்டிவிட்டு, ஜன்னலோரச் சீலண்டை நகத்தால் நெருடிப் பாருங்கள். பிரிந்திருந்தால் சுரண்டிப் புதிதாக இடுங்கள். மிஞ்சிய பலகைகள் மோட்டார் ரூம் பரணில் படுக்கையாகக் கிடக்கட்டும். அதே நிற பெயிண்ட் அரை லிட்டரும், டப்பாவின்மேல் நிற எண்ணும் கூடவே இருக்கட்டும்.